குமாவோனில் காது, தாரில் கண்

டெல்லியை நடுவில் வைத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள், வடக்கே ஒரு வாரம் மலை, மேற்கே ஒரு வாரம் பாலை என்று திட்டம் போடுவதுண்டு. மலை என்றால் பெரும்பாலும் உத்தராகண்டின் குமாவோன்: சாத்தால், பங்கோட், அதைத் தாண்டி வினாயக். பாலை என்றால் ராஜஸ்தானின் தார்: பிகானேர், கீச்சன், ஜெய்சால்மர். ஒரே பிப்ரவரியில் இரண்டுக்கும் போய்வந்தேன். இரண்டிலும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூடவே இருந்தார். ஒரே வேலையை இரண்டு இடங்களில் செய்யப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். மலையில் ஒரு வாரம் பழகிக்கொண்டதெல்லாம் பாலையின் முதல் காலையிலேயே உதவாமல் போயிற்று.

காத்கோதாம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாத்தால் 1,370 மீட்டர். பங்கோட் 2,000 மீட்டரை ஒட்டியது. ஒரு காலைப் பொழுதுக்குள் காரில் ஏறிவிடக்கூடிய உயரம்தான். அதற்குள் சால் மரங்கள் முடிந்து, சிர் பைன் வந்து, பிறகு உள்ளூர்க்காரர்கள் பாஞ்ச் என்று சொல்லும் கருவாலிக் காடு தொடங்கிவிடுகிறது. நடுநடுவே புராஞ்ச் மரங்கள் சிவக்கப் பூத்து நிற்கின்றன. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் வடநாட்டு உறவு. மரம் மாற மாறப் பறவையும் மாறுகிறது. போதாக்குறைக்கு, பனிக்காலத்தில் மேலே இருப்பவை கீழே இறங்கிவிடுகின்றன. அதனால் பிப்ரவரியில் சாத்தாலின் ஓர் ஓடைக்கரையில் மூன்று உயரத்துப் பறவைகளைச் சேர்த்துப் பார்க்க வாய்ப்புண்டு.

பார்க்க வாய்ப்புண்டு என்று எழுதிவிட்டேன். உண்மையில் முதல் இரண்டு மணி நேரம் நான் எதையும் பார்க்கவில்லை. இலைதான் தெரிந்தது. வழிகாட்டி பங்கோட் பக்கத்து இளைஞர். பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு நடந்தார். திடீரென்று நின்று, கையால் காதுக்கு ஓர் அணை கட்டி, "வருகிறார்கள்" என்றார். எனக்குக் கேட்டது பெரிய குக்குறுவானின் குரல் மட்டும்தான். பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும் அந்த நீண்ட அழுகைக்குக் கீழே, ஊசி முனை போல மெல்லிய வேறு சில ஒலிகள் அவருக்குக் கேட்டிருக்கின்றன. இரண்டு நிமிடம் கழித்து, வெறுமையாகக் கிடந்த மரம் நடுங்கத் தொடங்கியது. பட்டாணிக் குருவிகள், கதிர்க்குருவிகள், ஒரு மரங்கொத்தி, கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒரு பசையெடுப்பான் என்று பத்துப் பன்னிரண்டு இனங்கள் கலந்த வேட்டைக் கூட்டம் அது. ஒன்று கிளப்பும் பூச்சியை மற்றொன்று பிடிக்கும். நான்கு நிமிடத்தில் அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. மரம் மறுபடியும் வெறும் மரம். அந்த நான்கு நிமிடத்தை எனக்குத் தந்தது அவருடைய காது.

தாரில் இதற்கு நேர்மாறு. ஜெய்சால்மரிலிருந்து சாம் சுமார் 40 கிலோமீட்டர். அதையும் தாண்டி, 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரிப் பக்கம் போனால் மறைவென்று எதுவுமே கிடையாது. முழங்கால் உயரம் செவன் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேஜ்ரி மரம். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் இந்தக் கேஜ்ரி. கண்ணுக்கு எட்டியவரை திறந்த வெளி. இங்கே எல்லாம் தெரியும் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஏமாற்றுகிறது. மண் நிறத்தில் ஓடும் ஒரு பறவையை, நீண்ட கால்களில் விறுவிறுவென ஓடி, சட்டென்று நிமிர்ந்து நின்று, மறுபடி ஓடும் கோர்ஸரை, வழிகாட்டி காட்டினார். ஓடும்போது தெரிந்தது. நின்றதும் இல்லாமல் போயிற்று. ஐம்பது மீட்டர் தொலைவில், ஒரு புல்கூட மறைக்காத தரையில், என் கண் முன்னே அது காணாமல் போனது. மலையில் பறவையை இலை மறைத்தது. பாலையில் அதன் அசையாமையே அதை மறைத்தது.

இந்த வழிகாட்டி ஆடு மேய்த்து வளர்ந்தவர். வயது ஐம்பதுக்கு மேல். அவர் கேட்டுக் கண்டுபிடித்தது மிகக் குறைவு. காற்று எந்த ஒலியையும் நிற்கவிடுவதில்லை. அவர் தரையைப் படித்தார். ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து, ஒட்டகத் தடத்துக்குப் பக்கத்தில் ஓர் அடிச்சுவட்டைக் காட்டினார். முன்னோக்கிய மூன்று விரல்கள் தடித்துப் பதிந்திருந்தன. பின்விரல் இல்லை. "கோடாவண்" என்றார். கானமயிலுக்கு அங்கே அதுதான் பெயர். நேற்று மாலையின் சுவடு, காற்று அதன் ஓரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது என்றும் சொன்னார். அந்தச் சுவட்டைப் பார்த்தபோது ஏற்பட்ட படபடப்பு, மலையில் எந்தப் பறவையை நேரில் பார்த்தும் எனக்கு ஏற்படவில்லை. இதைத் தயக்கமில்லாமல் எழுதுகிறேன்.

நாளின் போக்கும் இரண்டிலும் வேறு. மலையில் சூரியன் எல்லாச் சரிவிலும் ஒரே நேரத்தில் படுவதில்லை. வெயில் பட்ட சரிவில் பூச்சி பறக்கும், பூச்சி பறந்தால் பறவை வரும். வழிகாட்டி அந்த வெயில் கோட்டைத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகிறார். அதனால் பகல் பதினொரு மணிக்கும் புதிதாக ஏதாவது கிடைக்கிறது. தாரில் பத்து மணிக்கெல்லாம் கானல் எழுந்துவிடும். அதன் பிறகு தொலைநோக்கியில் தெரிவதெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம், பிறகு மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். உணவு, தங்குமிடம், செலவு இவற்றில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய வேறுபாடு இல்லை.

வழிகாட்டியின் தரம் எங்கே தெரிகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலையில் அவருக்கு முன்னால் இருக்கும் ஆசை, ஒலிப்பதிவு. கைப்பேசியில் ஒரு பறவையின் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று அது பதறி வெளியே வரும். வந்தவருக்குப் படம் கிடைக்கும். பறவைக்கு, இரை தேட வேண்டிய காலைப் பொழுது இல்லாத எதிரியைத் தேடுவதில் கழியும். இனப்பெருக்கக் காலத்தில் இது கொடுமை. சில இடங்களில் பழமும் புழுவும் வைத்து, திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, மணிக்கணக்கில் படம் எடுக்க வைக்கிறார்கள். என்னோடு வந்த இளைஞர் இரண்டையும் மறுத்தார். வினாயக் புல்சரிவில் சீர் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழியைத் தேடி இரண்டு காலை காத்திருந்தோம். முதல் நாள் குரல் மட்டும் வந்தது. இரண்டாம் நாள், செங்குத்தான பாறை விளிம்பில், நீண்ட வரி வாலோடு ஒன்று அரை நிமிடம் நின்றது. குரல் போட்டிருந்தால் முதல் நாளே வந்திருக்கக்கூடும். இரண்டாம் நாள் வந்ததுதான் சரி.

பாலையில் ஆசையின் வடிவம் ஜீப். தடத்தை விட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் போதும், பறவைக்குப் பக்கத்தில் போய்விடலாம். தடுக்க மரமில்லை, பாறையில்லை. ஆனால் கானமயில் தரையில் முட்டையிடும் பறவை. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே முட்டை. வானம்பாடிகளும் கல்கௌதாரிகளும் தரையில்தான் இடுகின்றன. ஒரு டயர் தடம் புல்லில் பல மாதம் அழியாமல் கிடக்கும். முதியவர் தடத்தை விட்டு ஓர் அடிகூட வண்டியை இறக்கவிடவில்லை. நான் கானமயிலைப் பார்த்ததும் அப்படித்தான்: முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால், புல்லுக்கு மேல் வெள்ளைக் கழுத்தும் கறுப்புத் தொப்பியுமாக ஒன்று மெல்ல நடந்து போனது. விவரம் எதுவும் தெரியவில்லை. நடையில் அவசரமில்லை என்பது தெரிந்தது. அது எங்களைப் பொருட்படுத்தவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இந்த இரண்டு நிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொரு காரணம் உண்டு. நைனிதால் சரிவுகளில் ஒரு காலத்தில் இமாலயக் காடை வாழ்ந்தது. அதன் கடைசி உறுதியான பதிவு 1876இல், நைனிதாலுக்கு அருகில் சுடப்பட்ட ஒன்று. அதன் பிறகு சான்றோடு யாரும் பார்க்கவில்லை. இருந்தும் அழிந்துவிட்டதென்று அறிவிக்கத் தயங்குகிறார்கள். அடர்ந்த புல், செங்குத்துச் சரிவு, எங்காவது ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கலாம் என்ற நம்பிக்கை. மலை தன் இழப்பை மறைத்து வைத்துக்கொள்கிறது. பாலை அப்படி எதையும் மறைப்பதில்லை. கானமயில் உலகில் ஏறத்தாழ 150 மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பது கணக்கெடுப்பு. தமிழ்நாடு வரை பரவியிருந்த பறவை அது. இன்று அதற்குப் பெரும் புகலிடம் ஜெய்சால்மர் மட்டும்தான்.

அந்தப் புகலிடத்தின் குறுக்கே மின்கம்பிகள் ஓடுகின்றன. சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் பெயர்போன நிலம் என்பதால் மின் நிலையங்கள் அங்கே குவிகின்றன. ஆண் கானமயில் 15 கிலோ வரை எடையுள்ளது. தரையைப் பார்த்துப் பறக்கும்படி கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரிவதில்லை. கம்பி கண்ணில் படும்போது அந்த எடையைத் திருப்ப நேரமிருப்பதில்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கம்பிகளைப் புதைப்பது குறித்து உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. இன்னொரு பக்கம் ஜெய்சால்மர் வளர்ப்பு மையங்களில் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024இல் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சும் பிறந்தது. அது பெரிய சாதனை. அந்தக் குஞ்சுகளை விடக் கம்பியில்லாத வானம் வேண்டுமே என்பதுதான் என் கவலை. நாங்கள் திரும்பும் வழியில் கம்பிகளில் வட்டத் தகடுகள் சில தொங்கின. பறவைக்கு எச்சரிக்கையாம். பல இடங்களில் அதுவும் இல்லை.

மலையையும் பாலையையும் தனித்தனியாகப் பார்க்க விடாதவை பறவைகளே. பிகானேர் அருகே ஜோர்பீரில், செத்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் வெளியில், நூற்றுக்கணக்கான பாறுகள் உட்கார்ந்திருந்தன. நாற்றத்தில் முதலில் நிற்க முடியவில்லை. பிறகு மறந்துபோயிற்று. அவற்றில் மங்கலான மணல் நிறத்தில் மிகப் பெரியதாக இருந்தது இமாலயப் பாறு. இரண்டு வாரத்துக்கு முன்பு பங்கோட்டில் தலைக்கு மேல் வட்டமிட்ட அதே இனம், பனிக்காலத்துக்குச் சமவெளிக்கு இறங்கியிருக்கிறது. ஃபலோதிக்குப் பக்கத்துக் கீச்சனில் இன்னும் பெரிய வியப்பு. மங்கோலியா, கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து கிளம்பி, இமயத்தைத் தாண்டி, செப்டம்பரில் குர்ஜாக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் அந்தக் கிராமத்தில் இறங்குகின்றன. அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாகவும் அவை கடப்பதுண்டு. ஊரார் வேலி போட்ட ஒரு திடலில் தானியம் இறைக்கிறார்கள். தலைமுறையாகத் தொடரும் பழக்கம். விடிகாலையில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அலையலையாக இறங்கி, கூட்டம் கூட்டமாக முறை வைத்துத் தின்றன. 2025 ஜூனில் கீச்சன் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஊர் முதலில் செய்ததைச் சட்டம் பிறகு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எங்கே முதலில் போகலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது தார். எண்ணிக்கை வேண்டுமென்றால் குமாவோன். ஒரு வாரத்தில் இருநூறு இனம் தாண்டிய பயணங்களும் உண்டு. பாலையில் அதில் பாதி வந்தாலே நிறைவு. ஆனால் மலையின் பறவைகள் பெரும்பாலும் இன்னும் காத்திருக்கும். கானமயில் காத்திருக்குமா என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

எங்கு போனாலும் முதல் நாள் காலையே வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பறவையை வரவழைக்கக் குரல் போடுவீர்களா? தடத்தை விட்டு வண்டியை இறக்குவீர்களா? "நீங்கள் விரும்பினால் செய்யலாம்" என்று பதில் வந்தால், தயவுசெய்து வேறு ஒருவரோடு போங்கள்.