ஓட்டும்போது கைப்பேசி: 300 ரிங்கிட்டோடு முடிந்துவிடுமா தண்டனை?

"கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 300 வெள்ளி சம்மன்." மலாக்காவில் கார், மோட்டார்சைக்கிள் ஓட்டும் எல்லாருக்கும் இது தெரியும். "மாட்டினால் கட்டிவிடலாம், என்ன பெரிய விஷயம்?" என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த 300 ரிங்கிட் சட்டத்தின் முதல் படி மட்டும்தான். அதற்கு மேல் உள்ள படிகளில் நீதிமன்றம், சிறை, உரிமப் பறிப்பு எல்லாம் இருக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது, தோட்டச் சாலைகளில் அது செல்லுபடியாகுமா, தண்டனையை எப்படி அமைத்தால் பலன் கிடைக்கும் என்பதை இங்கே பார்ப்போம்.

எந்தச் சட்டம், எதைத் தடுக்கிறது?

நம் நாட்டில் சாலைக் குற்றங்களுக்கான அடிப்படை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். கைப்பேசி விஷயத்தில் நேரடியாகப் பேசுவது 1959-ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 17ஏ விதி. வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம்.

பேசுவது மட்டும்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புவது, டிக்டாக் பார்ப்பது, பாட்டு மாற்றுவது எல்லாமே கைப்பேசியைப் பயன்படுத்துவதுதான். காருக்கு மட்டும்தான் என்பதும் தவறு. மோட்டார்சைக்கிள், லோரி, பேருந்து, தொழிற்சாலை வேன் எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு.

"சிவப்பு லைட்ல நின்னுக்கிட்டுத்தானே சார் பார்த்தேன்" என்ற விளக்கமும் எடுபடாது. விளக்கு பச்சையாக மாறுவதற்காக நீங்கள் காத்திருக்கும் நேரமும் ஓட்டும் நேரம்தான். போலீசார் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கைப்பேசியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எடுங்கள்.

அப்படியானால் வேஸ், கூகுள் மேப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். கைப்பேசி தாங்கியில் உறுதியாக இருக்க வேண்டும், சாலையை மறைக்கக் கூடாது, போகும் இடத்தைப் புறப்படும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே தட்டச்சு செய்யத் தொடங்கினால் சிக்கல்தான்.

தண்டனை: படிப்படியாக

- முதல் படி: கம்பவுண்ட். பொதுவாக 300 ரிங்கிட். கட்டினால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

- இரண்டாவது படி: கட்டாமல் விட்டு, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 மாதங்கள் வரை சிறையோ கிடைக்கலாம்.

- மூன்றாவது படி: கைப்பேசியில் கவனம் போனதால் வண்டி தாறுமாறாக ஓடியிருந்தால், குற்றத்தின் பெயரே மாறிவிடும். கவனக்குறைவாக ஓட்டியதற்கு 43-ஆவது பிரிவு: 10,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதங்கள் வரை சிறை. ஆபத்தான முறையில் ஓட்டியதாக 42-ஆவது பிரிவில் குற்றம் சாட்டப்பட்டால் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டுகள் வரை சிறையும்.

- நான்காவது படி: ஆபத்தான ஓட்டத்தால் ஓர் உயிர் போய்விட்டால் 41-ஆவது பிரிவு. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். உரிமமும் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பறிபோகும்.

முதல் படிக்கும் நான்காவது படிக்கும் நடுவில், ஓட்டுநர் செய்த செயல் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் அவர் சில வினாடிகள் திரையைப் பார்த்தார். ஒரு நாள் எதிரே யாரும் வரவில்லை, இன்னொரு நாள் வந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சில வினாடிகளில் என்ன ஆகிறது?

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 வினாடிகளில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் 75 மீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 110 கிலோமீட்டர் வேகத்தில் 90 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடலின் நீளம். அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட சுமார் 4 மடங்கு அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்-ஃப்ரீ வைத்துப் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்றும் அது சொல்கிறது. கை காலியாக இருந்தாலும் மனம் பேச்சில்தானே இருக்கிறது? ஹேண்ட்ஸ்-ஃப்ரீயைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அதில் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது.

மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் 6,000-க்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் போவது மோட்டார்சைக்கிளில்தான். அதனால் இந்த எண்ணிக்கையை யாரோ ஒருவரின் கதையாக ஒதுக்கிவிட முடியாது.

தோட்டத்துச் சாலையில் இந்தச் சட்டம் உண்டா?

மலாக்காவில் பலர் கேட்கும் கேள்வி இது. சாலைப் போக்குவரத்துச் சட்டம் "சாலை" என்பதற்குத் தரும் விளக்கத்தில் பொதுச் சாலைகளும், பொதுமக்கள் சென்றுவரக்கூடிய மற்றச் சாலைகளும் அடங்கும். தனியாரே பராமரித்து வைத்திருக்கும் தனியார் சாலைகள் அதில் சேரா. ஆகவே, தோட்ட நிர்வாகம் தன் செலவில் பராமரிக்கும், செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சாலை இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கக்கூடும்.

ஆனால் இதை ஒரு சலுகையாக நினைத்துவிடக் கூடாது. லயத்திலிருந்து புறப்பட்டு சில நிமிடங்களில் நீங்கள் பொதுச் சாலைக்கு வந்துவிடுகிறீர்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கம் தோட்டச் சாலை பொதுச் சாலையில் வந்து சேரும் முனைகளை நினைத்துப் பாருங்கள். உள்ளே மெதுவாக வந்த மோட்டார்சைக்கிள், வெளியே 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனங்களுக்கு நடுவே நுழைய வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் அதே முனையில்தான் திரும்பும். பல இடங்களில் தெருவிளக்கு இருக்காது. தோட்டத்துக்குள் பார்க்கத் தொடங்கிய மெசேஜைப் பொதுச் சாலையில் ஏறிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து அங்கேதான்.

அலோர் காஜாவிலிருந்து மலாக்கா தெங்கா வழியாக ஜாசின் வரை போகும் ஏ.எம்.ஜே. சாலையில் இன்னொரு வகைச் சிக்கல். விளக்குச் சந்திப்புகள் அதிகம். காலையிலும் மாலையிலும் ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகள், லோரிகள், மோட்டார்சைக்கிள்கள் ஒரே தடத்தில் நெருங்கி ஓடும். ஹெல்மெட்டுக்குள் கைப்பேசியைச் செருகிப் பேசிக்கொண்டே போவதையும் அங்கே பார்த்திருப்பீர்கள். கை காலியாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் ஒரு காது அடைபட்டுவிடுகிறது, கவனம் பேச்சுக்குப் போகிறது, கைப்பேசி நழுவினால் கை தானாகவே பிடியை விட்டுவிடும்.

சம்மன் வந்துவிட்டால் என்ன செய்வது?

போலீஸ் சம்மனை மைபாயார் பி.டி.ஆர்.எம். செயலியிலும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் சம்மனை மைஜே.பி.ஜே. செயலியிலும் பார்க்கலாம். வாகனம் அப்பா பெயரில் இருந்து நீங்கள் ஓட்டியிருந்தால், ஓட்டியது யார் என்று அதிகாரிகள் கேட்கும்போது உரிமையாளர் சொல்லியாக வேண்டும்.

2026 ஜனவரி 1 முதல் புதிய நடைமுறை வந்திருக்கிறது. 15 நாள்களுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு. 16 முதல் 30 நாள்களுக்குள் என்றால் 33 விழுக்காடு. 31 முதல் 60 நாள்களுக்குள் முழுத் தொகை. அதற்கும் மேல் இழுத்தடித்தால் நீதிமன்றம். கம்பவுண்ட் விதிக்க முடியாத குற்றங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. உங்கள் சம்மனுக்கு எவ்வளவு என்பதைச் செயலியிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: "ஏதாவது பார்த்து முடிச்சிக்கலாம்" என்று அதிகாரியிடம் பணத்தை நீட்டாதீர்கள். லஞ்சம் கொடுப்பதற்கு 20 ஆண்டுகள் வரை சிறை உண்டு. 300 ரிங்கிட் சம்மனிலிருந்து தப்பிக்கப் பார்த்து அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

300 ரிங்கிட் சரியான தண்டனையா?

இங்கேதான் விவாதம் தொடங்குகிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம். அந்தச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு 300 ரிங்கிட் என்பது நாலரை நாள் உழைப்பு. மாதம் 20,000 ரிங்கிட் சம்பாதிப்பவருக்கு அது குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் ஒரு வேளைச் செலவு. குற்றம் ஒன்றுதான், ஆனால் வலி ஒன்றல்ல.

இந்தச் சிக்கலைப் பிற நாடுகள் வெவ்வேறு விதமாகச் சமாளிக்கின்றன:

- ஃபின்லாந்தில் பெரிய சாலைக் குற்றங்களுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம். 2002-ல் நோக்கியா இயக்குநர் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வேகமாகப் போனதற்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. பிறகு மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

- சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி முதல், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்திருப்பதே குற்றம். முதல் முறைக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 6 மாதங்கள் வரை சிறை, அல்லது இரண்டும். குற்றப் புள்ளிகளும் சேரும்.

- பிரிட்டனில் 2017 மார்ச் முதல் 200 பவுண்டு அபராதமும் 6 குற்றப் புள்ளிகளும். உரிமம் எடுத்து 2 ஆண்டுகள் ஆகாதவர்கள் 6 புள்ளி பெற்றால் உரிமமே போய்விடும். அதாவது, புதியவருக்கு ஒரே ஒரு தடவை போதும்.

- ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில் கைப்பேசியைக் கண்டுபிடிக்கும் கேமராக்களைப் பொருத்தியது. முதல் 3 மாதங்கள் எச்சரிக்கைக் கடிதம் மட்டும், பிறகு அபராதம்.

நம் நாட்டிலும் கெஜாரா என்ற குற்றப் புள்ளி முறை இருக்கிறது. சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளி. கைப்பேசியையும் சிவப்பு விளக்கின் அதே தட்டில் வைத்து நடத்த வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதான். பணக்காரர் அதைக் காசு கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. ஏழை அதற்காக அரிசிக் காசை எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் உரிமத்தைப் பறிப்பதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கும் தொழிற்சாலை வேன் ஓட்டுபவருக்கும் உரிமம்தான் சோறு. அதனால்தான் ஒரே அடியாகப் பறிக்காமல், புள்ளி சேரச் சேரத் தண்டனை கூடும் முறை பொருத்தமாக இருக்கிறது. திருந்த அது ஒரு வாய்ப்பும் தருகிறது.

தொகையைவிட முக்கியமான இன்னொன்று, பிடிபடுவோம் என்ற நிச்சயம். 300-ஐ 3,000 ஆக்கினாலும், "நம்ம ரோட்டுல யாரு பார்க்கப் போறா" என்ற நினைப்பு இருக்கும்வரை கைப்பேசி கையில்தான் இருக்கும். பெருநாள் காலச் சோதனைகளோடு நில்லாமல், சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலும் ஏ.எம்.ஜே. சாலையில் பிடிபடலாம் என்ற நிலை வந்தால் 300 ரிங்கிட்டுக்கே மதிப்பு கூடிவிடும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

- புறப்படும் முன் கைப்பேசியில் "ஓட்டும்போது தொந்தரவு வேண்டாம்" அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

- மோட்டார்சைக்கிளில் போகும்போது கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள், ஹெல்மெட்டுக்குள் செருகாதீர்கள்.

- காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்றால், கைப்பேசியை வாங்கி நீங்களே பதில் அனுப்புங்கள்.

- அண்ணனோ அப்பாவோ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம் தெரிந்தால், அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். "எங்க இருக்கீங்க?" என்ற கேள்வி அவர் வந்து சேரும்வரை காத்திருக்கலாம்.