மடங்கிய விரலும் ஒரு பழைய பயமும்

அம்மாவுக்கு வலது கை மோதிர விரல் காலையில் மடங்கினால் மடங்கியதுதான். இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று சொடக்கு விட்ட மாதிரி நிமிரும். வலியில் கண் கலங்கிவிடும். டாக்டர் பார்த்துவிட்டு "ட்ரிகர் ஃபிங்கர்" என்றார். ஊசி போட்டுப் பார்க்கலாம், கேட்கலைன்னா சின்ன ஆபரேஷன். ஆபரேஷன்னு கேட்டதும் அம்மா கையை இழுத்துக்கொண்டார். "கத்தி வச்சா கையே போயிடும். இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த நோயின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

இதை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் அல்ஃபோன்ஸ் நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர். வருடம் 1850. விரலை மடக்கும் தசைநாணில் ஒரு முடிச்சு, அதனால் அசைவு தடைபடுகிறது என்றார். அந்த முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கும் அப்படி ஒரு நாடா உண்டு, அதுதான் தசைநாண். அது ஓர் உறைக்குள் ஓடுகிறது. விரல் ஆரம்பிக்கிற இடத்தில், உள்ளங்கையில், அந்த உறை ஒரு வளையம் மாதிரி இறுக்கமாக இருக்கும். வளையம் தடித்து, நாணும் வீங்கிவிட்டால் முடிச்சு மாட்டிக்கொள்ளும். மடக்குகிற தசைக்கு வலு அதிகம், அது இழுத்துவிடும். நிமிர்த்துகிற தசைக்கு அந்த வலு கிடையாது. அதனால்தான் மடங்கிய விரல் திரும்புவதில்லை.

நாடா சிக்கினால் நாம் என்ன செய்வோம்? துணியின் வாயைக் கொஞ்சம் பிரித்துவிடுவோம். இங்கேயும் அதேதான் தீர்வு: முடிச்சைத் தொட வேண்டாம், வளையத்தைப் பிளந்தால் போதும். ஆனால் 1850-இல் அது விளையாட்டில்லை. ஈதர் மயக்கமருந்து வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867-இல்தான் வரப்போகிறது. தசைநாண் உறைக்குள் சீழ் பிடித்தால் உறை வழியாகவே பரவும். விரல் போகலாம், கை போகலாம், உயிரும் போகலாம். அம்மா சொன்னது அந்தக் காலத்துக்கு அப்படியே பொருந்தும்.

கத்தி பாதுகாப்பானதற்குப் பிறகும் கத்தி இல்லாத வழியைத் தேடுவது நிற்கவில்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்துக்குக் கார்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். 1950-இல் அதற்கு நோபல் பரிசு. சில வருஷங்களிலேயே அந்தக் குடும்ப மருந்துகளை மூட்டுக்குள்ளும், பிறகு இந்த விரல் உறைக்குள்ளும் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். 1958-இல் லோர்த்தியார் என்பவர் தோலைத் திறக்காமல், மெல்லிய கத்தியை உள்ளே விட்டு வளையத்தை அறுக்கும் முறையை எழுதினார். பின்னால் அந்தக் கத்திக்குப் பதில் சாதாரண ஊசிமுனையே போதும் என்றானது. கட்டைவிரலில் நரம்பு மிக அருகில் ஓடுவதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

எது மேல்? 2012-இல் பிரேசில் மருத்துவர்கள் 150 விரல்களை மூன்றாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தார்கள். ஒரு ஊசியில் 57 சதவீதம் சரியானது. தேவைப்பட்டவர்களுக்கு இரண்டாவதும் போட்டபோது 86. ஊசிமுனை அறுப்பு, திறந்த ஆபரேஷன் இரண்டிலும் நூற்றுக்கு நூறு.

அப்போ எல்லாரும் ஆபரேஷனுக்கே போகலாமா? அப்படியில்லை. லேசாகச் சிக்குகிற விரல் வேலையைக் குறைத்து, சில வாரம் பட்டை கட்டி வைத்தாலே சரியாகலாம். பலருக்கு ஒரு ஊசியோடு கதை முடிந்துவிடும். ஆபரேஷனிலும் தழும்பு வலி, விரல் விறைப்பு, அபூர்வமாகத் தொற்று, நரம்புக் காயம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நோய் அதிகமாக வருகிறது. ஊசி அவர்களிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை, சில நாள் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஊசி போட்டதில் ஒரு வாரம் சர்க்கரை ஏறி இறங்கியது, நாலு மாதம் விரல் நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடியும் 'டக்'. இந்த முறை நான் 1850-ஐயும் 1867-ஐயும் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

உள்ளங்கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, சின்னக் கீறல். "மடக்குங்கம்மா, நிமிர்த்துங்க" என்று மேஜையிலேயே சொல்லிப் பார்த்தார்கள். வெளியே வந்த அம்மா முதலில் கேட்டது, "இவ்ளோதானா?"

பயந்தது தப்பில்லை. ஒரு காலத்தில் எல்லாரையும் காப்பாற்றிய பயம்தான் அது. காலம் மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.