டிரசர் ஐயா மறுபடியும் படித்தது எப்போது?



ரிங்லெட் தாண்டி, ஹாபு வழியாக 'போ' தேயிலைத் தோட்டத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருப்பீர்கள். (தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் "எங்கே சார் போறது?" என்று ஒரு பையனாவது கேட்பான்.) தேயிலைச் செடியையும் தொழிற்சாலையையும் காட்டுகிறோம். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைப் பற்றியும் கொஞ்சம் பேசுகிறோம். தோட்ட ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த டிரசர் ஐயாவைப் பற்றியோ பேசுவதே இல்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலா, "டிரசர்கிட்ட போ". கொழுந்து கிள்ளும்போது கையில் வெட்டா, அதற்கும் டிரசர்தான். மருந்தைக் கலந்து புட்டியில் ஊற்றுபவரும் ஊசி போடுபவரும் "இன்னிக்கு வேலைக்குப் போக வேணாம்" என்று சீட்டு எழுதுபவரும் அவரே. மருந்தாளர், தாதி, முக்கால்வாசி மருத்துவர் எல்லாம் ஒரே ஆள். பட்டம் பெற்ற மருத்துவர் வருகை மருத்துவராக எப்போதாவது வந்து போவார். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இடைப்பட்ட நாள்களில் நம் மக்களின் உயிர் டிரசரின் படிப்பை நம்பித்தான் இருந்தது.

அந்தப் படிப்பு எவ்வளவு பழையது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

ஜே. ஏ. ரசல் 'போ' நிறுவனத்தைத் தொடங்கியது 1929-இல். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை மலையைக் குடைந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலை போடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பகாங் அப்போது கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. அதனால் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு மலைத் தோட்டங்களுக்கும் பொருந்தியது. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரும் கடமையை அந்தச் சட்டம் முதலாளியின் தலையில் வைத்தது. ஆஸ்பத்திரி இருக்கிறதா, மருந்து இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் வந்து பார்க்கலாம். அந்த ஆள் கடைசியாக எப்போது புதிதாக ஒன்றைக் கற்றார் என்று கேட்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை.

இதில் என்ன ஆபத்து என்று கேட்டால், கொக்கிப்புழுவின் கதையைச் சொல்லலாம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. ரப்பர் தோட்டங்களில் சோகை பிடித்து வெளிறிப்போன ஆள்களைப் பார்த்து "சோம்பேறிகள்" என்று துரைமார் சொன்னதற்குப் பின்னால் பல நேரங்களில் இந்தப் புழுதான் இருந்தது.

1910-களில் இதற்குக் கொடுத்த மருந்து தைமால். பெயர் புதிதாக இருந்தாலும் வாசனை உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு ஓமத்தின் சாரம்தான் தைமால். இந்தியாவிலிருந்து ஓம விதை ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாகி, மருந்துப் புட்டியில் திரும்பி வந்தது. முதல் உலகப்போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. தைமால் கொடுக்கும்போது ஒரு கண்டிப்பான விதி உண்டு: நோயாளி மது தொடக்கூடாது, எண்ணெய்ப் பண்டமும் விளக்கெண்ணெயும் ஆகாது. இரண்டுமே தைமாலைக் கரைத்து உடம்பில் ஏற்றிவிடும், மருந்தே விஷமாகிவிடும். பேதிக்கு உப்புதான் கொடுக்க வேண்டும்.

1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஒரு குழு, சாமுவேல் டார்லிங் என்பவரின் தலைமையில் மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. கீனோபோடியம் எண்ணெய் என்ற இன்னொரு மருந்து தைமாலைவிட நன்றாக வேலை செய்கிறது என்று அந்தக் குழு கண்டது. இதைத் துளிக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. இதற்குப் பின் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்த மருத்துவர்கள் பலர். நேற்றுவரை 'கூடவே கூடாது' என்று மனப்பாடம் செய்த பொருள், இன்று 'கொடு' என்று ஆகிவிட்டது!

அதோடு முடியவில்லை. 1921-இல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் கார்பன் டெட்ராகுளோரைடை அறிமுகப்படுத்தினார். விலை மலிவு, பலனும் அதிகம். ஆனால் குடிப்பவர்களுக்கு அது கல்லீரலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். 1925-இல் அவரும் அவருடன் பணிபுரிந்தவரும் அதைவிடப் பாதுகாப்பான டெட்ராகுளோரோஎத்திலீனைக் கொண்டுவந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1914-இல் தேர்வு எழுதித் தேறிய ஒரு டிரசர், 1929-இல் மலையேறி வேலைக்கு வந்திருந்தால், இந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரே நோய்க்கு நான்கு மருந்துகள் மாறியிருக்கும். அளவு வேறு, பத்தியம் வேறு, ஆபத்தும் வேறு. தோட்டத்திலோ கள்ளுக்கடை பக்கத்திலேயே இருந்தது. "இந்த மருந்து குடிச்சா இன்னிக்குக் கள்ளு கூடாது" என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழில், ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவு. அது எந்தப் பரீட்சைத் தாளிலும் இருந்திராது.

மலேரியாவும் இதையேதான் சொல்கிறது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், கரையோரச் சமவெளியில் காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, மலேரியாவைக் குறைத்தார். அதே வைத்தியத்தைக் குன்றுப்பகுதித் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. காரணம், அங்கே இருந்தது வேறு கொசு. அனாபிலிஸ் மாகுலேட்டஸ் என்ற அந்தக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும். காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்தது, அதற்கு விருந்து வைத்தது போல ஆயிற்று. வாட்சன் தான் கற்றதைத் தானே திருத்திக்கொண்டார். ஓடைகளுக்குக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் நீரைக் கொண்டு போகும் முறைக்கும், நீரில் எண்ணெய் தெளிக்கும் முறைக்கும் மாறினார். அவருக்குக் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கழகம் இருந்தது, சக மருத்துவர்கள் இருந்தார்கள், இலண்டன் பத்திரிகைகள் வந்தன. தோட்டத்து டிரசருக்கு யார் இருந்தார்கள்? வருகை மருத்துவர் நல்லவராக இருந்து, நேரமும் இருந்து, சொல்லிக்கொடுத்தால் உண்டு.

இங்கே கொஞ்சம் யாழ்ப்பாணத்துக்குப் போய்வருவோம். காரணம் இருக்கிறது. மலாயாத் தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் டிரசர்களாக வந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் கணிசமாக இருந்தார்கள். அந்த யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மருத்துவப் பள்ளி நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பிறகு 1860-களில் தமிழுக்கு மாறினார். இங்கிலீஷ் படித்தவர்கள் ஊரில் தங்காமல் உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். அவரிடம் படித்தவர்கள் அறுபதுக்கும் மேல். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் தமிழில் வந்தன. மருந்துச் சரக்குகளைப் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' கூட உண்டு. நோயுற்று அமெரிக்கா திரும்பிய பிறகும் 1884-இல் இறக்கும்வரை அவர் தமிழ் வேலையை விடவில்லை.

நம் ஆசிரியர்களுக்கு இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. படித்து முடித்து ஊருக்குப் போன மருத்துவன், சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கத் தன் மொழியில் ஒரு புத்தகம் வைத்திருந்தான். மலாயாவில் டிரசருக்குத் தேர்வும் ஆங்கிலம், சுற்றறிக்கையும் ஆங்கிலம், நோயாளி மட்டும் தமிழ். கிறீனின் நூல்கள் கடல் கடந்து இங்கே பாடநூல் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

போருக்குப் பின் மாற்றம் வேகம் பிடித்தது. பெனிசிலின் வந்தது, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. அதற்கு முன் காசநோய் என்றால் குளிர்ந்த மலைக்காற்றும் படுக்கையும் நல்ல சாப்பாடும்தான் மருந்து என்பார்கள். மலைவாசத்தலங்களுக்கு இருந்த மரியாதையில் பாதி இதனால் வந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு தொடங்கியது. ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை நெருக்கடியான சொந்த வீட்டிலும், இன்னொரு பிரிவைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள், வீட்டாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. மருந்தை ஒழுங்காக விழுங்குவதுதான் முக்கியம், மலைக்காற்று அல்ல. சென்னைக் குடிசைவாசிகள் உலகத்துக்கே பாடம் சொன்னார்கள் என்று இதை மாணவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

மலாயாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. இந்தப் புது வழியில் டிரசரின் வேலையே வேறு. நோயாளியைத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவ முடியாது. லயத்தில் இருப்பவர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். இருமல் நின்றதும் "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று நிறுத்துபவரை மடக்க வேண்டும்.

1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையைச் சட்டம் அடைத்தது, பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. டிரசருக்குச் சட்டப்படி ஓர் இடமும் கிடைத்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனாலும் பதிவு என்பது வாசலில் நடக்கும் சோதனை. உள்ளே போன பின் முப்பது ஆண்டு வேலையில் என்ன கற்றார் என்பது வேறு சங்கதி.

அந்த முப்பது ஆண்டில் தோட்டத்துக்குள் வந்த புது நோய் புட்டியில் வந்தது. அதுதான் களைக்கொல்லி பாரக்குவாட். மருந்து தெளிப்பவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். பாரக்குவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடு என்பது முதல் பாடம். பாரக்குவாட் விழுங்கியவருக்கோ அவசரப்பட்டு ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும். நன்றாகப் படித்த ஒருவர், படித்ததை அப்படியே செய்தாலே நோயாளிக்குக் கேடு வரும். 2002-இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டப் பெண்களின் பூச்சிக்கொல்லி பாதிப்புகளை அறிக்கையாக வெளியிட்டது. மலேசியாவில் பாரக்குவாட் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 சனவரி 1-இல்தான்.

இன்று நிலைமை வேறு. 2012-இல் திருத்தப்பட்டு 2017 சூலையில் அமலுக்கு வந்த மருத்துவச் சட்டத்தின்படி, ஆண்டுப் பணிச்சான்றிதழைப் புதுப்பிக்க மருத்துவர்கள் தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும். மருந்தாளர்களுக்கும் உதவி மருத்துவ அதிகாரிகளுக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. நமக்கு மட்டும் என்ன, 2005-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி என்று வைத்தது. அந்த ஏழு நாளைப் பற்றி நாம் ஆசிரியர் அறையில் என்னென்ன பேசுகிறோம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. எந்தப் பயிற்சிக்குப் போனோம் என்பதைவிட, வந்ததும் வகுப்பில் எதை மாற்றினோம் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. கொக்கிப்புழு மருந்து கொடுத்த டிரசருக்கு அந்தச் சங்கடம் நோயாளியின் முகத்தில் மறுநாளே தெரிந்திருக்கும்.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கும், ஆறாம் ஆண்டில் கொஞ்சம் துடிப்பான பிள்ளைகளுக்கும் இதை வட்டார வரலாற்றுப் பணியாகக் கொடுக்கலாம். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: உங்கள் டிரசர் எந்த ஊர்க்காரர்? என்ன மருந்து, என்ன நிறம், எதில் ஊற்றிக் கொடுத்தார்? எந்த நோய்க்குக் கீழே தாப்பாவுக்கோ, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கோ அனுப்பினார்? மருந்து கொடுக்கும்போது எந்த மொழியில் என்ன சொன்னார்? பெயர்களை எழுதுவதற்கு முன் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்கச் சொல்ல மறக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. இப்போது மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர். வசதி இருந்தால் பக்கத்துச் சிகிச்சையகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போய், மாத்திரை உறையின்மேல் "சாப்பாட்டுக்குப் பின்" என்பது எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.