வானம்பாடி

நாவல் எழுதுகிறவனுக்குக் குதிரை வம்சாவளியில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். மனிதர்களின் வீம்பை அறிய அதைவிட நல்ல ஏடு எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில், ஸஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில், க்ராபெட் என்று ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. 1878-ல் அதைத் தொடங்கியவர்கள் வில்பிரிட் ப்ளண்டும் அவர் மனைவி ஆன் சீமாட்டியும். ப்ளண்ட், எகிப்துக்காகத் தம் சொந்த சர்க்காரோடு மல்லுக்கு நின்றவர். நாடு கடத்தப்பட்ட அராபி பாஷாவைக் காண 1883-ல் கொழும்புக்கே வந்தவர். அம்மையாரோ கவி பைரனின் மகள் வயிற்றுப் பேத்தி.

இருவரும் அலெப்போவிலிருந்து நெஜ்து வரை பாலைவனத்தில் அலைந்தார்கள். அங்கே பெதூவின்கள் குதிரையின் குலத்தைத் தாய் வழியில்தான் எண்ணுவார்கள். அம்மையார் அரபு மொழி கற்று, இதன் தாய் யார், அந்தத் தாயின் தாய் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். பதிலில் சந்தேகம் தட்டினால், எத்தனை அழகான குதிரையானாலும் சரி, வேண்டாம். எந்தச் சம்பந்தி வீட்டிலும் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்!

குதிரையின் குலம் காத்தவர்களால் குடும்பத்தைக் காக்க முடியவில்லை. 1906-ல் தம்பதிகள் பிரிந்தார்கள். குதிரைகளையும் பாகம் போட்டார்கள். 1917-ல் அம்மையார் கெய்ரோவில் காலமானார். தகப்பனாரும் ஒரே மகள் ஜூடித்தும் கோர்ட்டில் நின்றார்கள். 1920-ல் மகள் பக்கம் தீர்ப்பாயிற்று. பண்ணையோ தேய்ந்து கிடந்தது.

வென்ட்வொர்த் சீமாட்டி என்று பெயர் பெற்ற அந்த மகள், அதே வருஷம் ஒரு வெள்ளைப் பொலிகுதிரையை வாங்கினார். பெயர் ஸ்கோவ்ரோனெக், போலிஷ் மொழியில் வானம்பாடி. தாயின் பெயர் யாஸ்கூல்கா. அதற்கு அர்த்தம் தகைவிலான் குருவி. 1909-ல், இன்று உக்ரைனில் இருக்கும் அன்டோனினியில், பொடோட்ஸ்கி பிரபுவின் லாயத்தில் பிறந்தது. தாய் வழி போலந்துக் குதிரைகள். பாலைவனத்துக் கூடாரத்தில் கேட்டெழுதிய குலம் அல்ல. ஆன் அம்மையார் உயிரோடிருந்தால் கதவைத் திறந்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். மகள் திறந்தார். தாயார் தேடிச் சேர்த்த பெட்டைகளோடு அது கலந்த பிறகு க்ராபெட்டின் பெயர் உலகெங்கும் பரவியது.

அந்தக் குதிரை உயிரோடு இருந்ததே ஒரு தற்செயல். வால்டர் வைனன்ஸ் என்ற சிற்பி, உலக யுத்தத்துக்கு முன்பே அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வெண்கலச் சிலைகளுக்கு அதை மாதிரியாக நிறுத்தினார். பிறகு கைமாறிப் போயிற்று. ருஷ்யப் புரட்சியின் கலவரத்தில் அன்டோனினி மாளிகை எரிந்தது, லாயம் அழிந்தது. விற்கப்பட்ட குதிரை பிழைத்தது.

1936-ல் அந்தப் புரட்சி பெற்றெடுத்த சோவியத் சர்க்காரே க்ராபெட்டுக்கு ஆள் அனுப்பியது. காகஸஸில் உள்ள தெர்ஸ்க் பண்ணைக்காக அவர்கள் விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் ஒன்று நஸீம், ஸ்கோவ்ரோனெக்கின் மகன். நஸீமுக்கு நெகாதிவ், நெகாதிவுக்கு நபோர். அந்த நபோர் 1950-களில் போலந்துக்குப் போய்ச் சேர்ந்தது.