எழுத்தறியாத் தாயும் ஏடு வாசிக்கும் குழந்தையும்

தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றைக் கூறுவோர் சட்டத்தையும், துரைமார்களையும், உபாத்தியாயர்களையும் குறிப்பிடுவர். அப்பள்ளியிற் பயின்ற குழந்தை வீட்டில் வாய்விட்டு வாசித்தபோது அருகிருந்து கேட்ட பெற்றோரைக் குறிப்பிடுவோர் அரியர். அவர்கள் ஆற்றிய பணி யாதென்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

மலாய் ஐக்கிய நாடுகளின் 1923-ம் வருடத்துத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் வசிக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்கும் பொறுப்பை முதலாளிமார் மீது சுமத்தியது. கோலசிலாங்கூர், ஜெராம், சுங்கை செம்பிலாங் பக்கத்துத் தோட்டங்களும் சிலாங்கூரைச் சேர்ந்தவையாதலின் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆனால் சட்டத்தின் வாசகம் ஒன்று, நடந்தது வேறு. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ உபாத்தியாயர் வேலையையும் சேர்த்துப் பார்த்தனர். தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் சீவச் சென்றுவிட, தம்பி தங்கையரைக் காக்கும் சுமை மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது. பள்ளி இருந்தும் படிக்கப் பெறாத அப்பெண்களே பின்னர்த் தாய்மாராயினர்.

நிற்க, அத்தாய்மார் குழந்தையின் வாசிப்புக்கு உதவ இயலாதவர் என்று எண்ணுவது தவறு. தமிழ் எழுத்துக்கள் 247 என்பர். எனினும் ஒலிகள் யாவும் அவற்றுள் வெளிப்படையாக இல்லை. ‘ப’ என்னும் எழுத்து ‘பல்’ என்பதில் ஓரொலியும், ‘தம்பி’ என்பதிற் பிறிதோர் ஒலியும் பெறுகின்றது. ‘க’ என்பதோ ‘கல்’, ‘சங்கு’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் மூவகையாக ஒலிக்கின்றது. இதனைக் குழந்தைக்கு உணர்த்துவது வீட்டுப் பேச்சேயன்றி இலக்கண விதியன்று. எழுத்துக் கூட்டித் தடுமாறும் பிள்ளையிடம், அடுப்படியிலிருக்கும் தாய் “தம்பியா?” என்று கேட்ட மாத்திரத்தில் சிதறிய எழுத்துக்கள் சொல்லாகி நிற்கின்றன. பள்ளி எழுத்தைக் கொடுத்தது. தாயின் செவி சொல்லைக் கொடுத்தது.

அக்காலத்து எழுத்தில் மற்றொரு தடையும் இருந்தது. கா, தா என்று காலிட்டுப் பழகிய குழந்தை, ணா, றா, னா என்பவற்றை மாத்திரம் தனிச் சுழிகளாக மனப்பாடம் செய்ய நேர்ந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. ஒகர, ஓகார இனங்களையும் கூட்டினால் இத்தகைய விலக்குகள் 13. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935-ல் ‘குடிஅரசு’ பத்திரிகையில் இவற்றைத் திருத்தி அச்சிடலானார். தமிழ்நாட்டு அரசாங்கம் அதனை ஏற்றதோ 1978-ல். இடைப்பட்ட 43 ஆண்டுகளும் பெரியோர் பழக்கத்துக்குக் குழந்தைகள் செலுத்திய வரியன்றோ?

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் பட்டணம் சேர்ந்துவிட்டன. பெற்றோர் பெரும்பாலும் எழுத்தறிந்தவர். எனினும், “அதெல்லாம் பள்ளியிற் பார்த்துக்கொள்வார்கள்” என்று இருந்துவிடுவோரும் உளர். எழுத்தறியாதவள் உழைத்துக் களைத்த பின்னும் கொடுத்த செவியை, எழுத்தறிந்தவர் மறுப்பது நியாயமாகுமா?

பெற்றோர்களே! நாள்தோறும் கால் மணி நேரம் குழந்தையை வாய்விட்டு வாசிக்கச் செய்து கேளுங்கள். ஆண் பிள்ளைக்குக் கொடுக்கும் அந்நேரத்தைப் பெண் பிள்ளைக்கும் குறைவின்றிக் கொடுங்கள். பிழையுறுமிடத்து அதட்டாது, சொல்லை எடுத்துக் கொடுங்கள். இதற்குப் பணமும் வேண்டா, பட்டமும் வேண்டா.