பாட்டுக்குப் பாட்டு: பி.எச்.அப்துல் ஹமீது

திண்ணையில மல்லாட்டை உரிக்கும்போது அப்பாவுக்கு இலங்கை வானொலி வேணும். "ஹமீது பேசறார் பாரு, ழகரம் எப்படி விழுது!" என்பார். கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு கொழும்பைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டார். கேட்பவர்கள் கடல் தாண்டிப் போனார்கள். 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் எல்லோரும் திரும்பிவிடவில்லை.

சிறுவனாக வானொலிக்குள் நுழைந்தவர் ஹமீது. நாடகம், அறிவிப்பு, நேர்முகம் எல்லாம் செய்தார். 'பாட்டுக்குப் பாட்டு' அங்கே வளர்ந்த நிகழ்ச்சி. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடணும், அவ்வளவுதான் விதி.

1993இல் சன் டிவி தொடங்கியது. பின்னாளில் அதில் இந்த நிகழ்ச்சியைப் பார்த்தபோது, இந்தி 'அந்தாக்ஷரி'யைப் பார்த்து எடுத்தது என்று அப்பாவிடம் அடித்துப் பேசினேன். "போடா, இதை நான் ரேடியோவிலேயே கேட்டாச்சு" என்றார். நான் நம்பவில்லை. வயசாச்சு, குழப்பிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. இந்தக் குறிப்புக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது. ஜீ டிவி அந்தாக்ஷரியும் 1993தான். வானொலிப் 'பாட்டுக்குப் பாட்டு' அதற்கு முந்தியது. தமிழ்நாட்டு டிவிக்கு நல்ல உச்சரிப்பைக் காட்டியவர் ஒரு கொழும்புக்காரர் என்பதையும் நம்ம ஆட்கள் அதிகம் எழுதுவதில்லை.

ஹமீது தன் வரலாற்றை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று புத்தகமாக எழுதியிருக்கிறார். அப்பா இருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன்.