ஈராசிரியர் பள்ளி

ஒரு தலைமை ஆசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர் என இருவரே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் தொடக்கப் பள்ளி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பல இவ்வகையின.

காமராசர் காலத்தில் ஊர்தோறும் திறக்கப்பட்ட பள்ளிகளில் பல, ஓராசிரியர் பள்ளிகளாகவே தொடங்கின. 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டம், எவ்வளவு சிறிய பள்ளிக்கும் இரண்டு அறையும் இரண்டு ஆசிரியரும் வேண்டும் என்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 மாணவர் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர் என வரையறுத்தது. ஆக 12 பிள்ளைகள் இருந்தாலும் 60 பேர் இருந்தாலும் ஆசிரியர் இருவர்தான். அவர்களில் தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாளில் அது ஓராசிரியர் பள்ளி. மாணவர் விவரங்களை 'எமிஸ்' இணையதளத்தில் பதிவேற்றுவதும் அவர் தலையில்தான்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் கணக்கே ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறது. மூவர் உள்ள பள்ளியில் எண்ணிக்கை 61-க்குக் கீழே குறைந்தால் மூன்றாமவர் பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார். சேர்க்கைச் சரிவுக்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்வது எளிது, சரியன்று. பிறப்பே குறைந்துவிட்டது: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலக் கருவள விகிதம் 1.8. அதைவிட முக்கியமானது வயது. தனியார் பள்ளி வேன் மூன்று வயதில் எல்.கே.ஜி.க்கு அழைத்துப்போகிறது, அரசுப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது. 2019-இல் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதும் அவை 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளுக்கே கிடைத்தன. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களுக்கு அரசே கட்டணம் செலுத்தும் ஏற்பாடும் வேன் பக்கமே சாய்ந்தது. கொரோனாவில் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளில் பலர் பின்னர் மீண்டும் வேன் ஏறினர்.

கற்றல் தரத்தை அளப்பது இன்னும் சிக்கல். தொடக்க வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு இல்லை. கல்வி நிலையை அளக்கும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டு ஊரகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவர் 2018-இல் சுமார் 10 விழுக்காடு; நீண்ட கொரோனா விடுமுறைக்குப் பின், 2022-இல், 5 விழுக்காட்டுக்கும் கீழ். இது மாநில ஊரகம் முழுவதற்குமான கணக்கு. நான்கே பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினாலே 25 விழுக்காடு. அந்த எண்ணை வைத்துப் பள்ளியை எடைபோட முடியாது.

பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் இருப்பதே குறை என்று சொல்லிவிடவும் முடியாது. 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் இத்தகைய சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையிலிருந்து கிளைத்தது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை வகுப்புவாரியாக அன்றி அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது. முறை பொருந்துகிறது, அதை நடத்த இருவரும் நாள் முழுக்க அறையில் இருந்தாக வேண்டும்.

சேர்க்கை சரிந்துகொண்டே போய் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளை 2019-இல் அரசு நூலகங்களாக்கியது. இது நிரந்தர மூடல் அன்று, சேர்க்கை வந்தால் மீண்டும் பள்ளியாகும் என்றும் அறிவித்தது.